அடைக்கலப் பொருளும் அரசனும்

பிறர் நம்பிக் கொடுத்த பொருளைக் காப்பவனுக்கு அப்பொருளின்மேல் உள்ள கடமை எங்கிருந்து பிறக்கிறது, அது எந்த எல்லையில் முடிகிறது என்ற விசாரணையை நம்முடைய தர்ம சாஸ்திரக்காரர்கள் மிகுந்த சிரத்தையோடு நடத்தியிருக்கிறார்கள். மனு ஸ்மிருதி வழக்குகளைப் பதினெட்டு வகையாகப் பிரித்து, கடனை முதலில் வைத்து, அதற்கு அடுத்தபடியாகவே நிக்ஷேபத்தை, அதாவது வைத்துக் காக்கும்படி ஒப்படைத்த பொருளைப் பற்றிய வழக்கை, வைக்கிறது. கௌடில்யர் அர்த்த சாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, மற்றொருவரிடம் கொண்டு சேர்க்கும்படி ஒருவன் கையில் கொடுத்தனுப்பிய பொருளைக்கூட மறவாமல், வழியிலே கள்வரிடம் அகப்பட்டவன் அதற்கு ஈடு கட்ட வேண்டுமா என்பதற்கும் தீர்ப்புச் சொல்லுகிறார். யாக்ஞவல்க்யரோ இன்னும் நுட்பமாக, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லாமல் பேழையில் இட்டு ஒருவன் கையில் ஒப்படைத்த பொருளை, ஒப்படைத்தது எப்படியோ அப்படியே திருப்பித் தரவேண்டும் என்று விதித்துவிட்டு, உடனே அடுத்த சுலோகத்தில், அரசனாலோ தெய்வத்தாலோ திருடராலோ அது பறிபோயிருந்தால் காப்பாளன் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்று விலக்கும் அளிக்கிறார். அரசனையும் திருடனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, நடுவே தெய்வத்தையும் சேர்த்துவிட்டாரே என்று படிப்பவனுக்குப் புன்னகை வரலாம். ஆனால் அவர் பரிகாசம் செய்யவில்லை. மூன்றும் காப்பாளனுடைய கைக்கு மீறிய சக்திகள் என்பதே அவர் கருத்து. இந்தப் பெரியோர்கள் யோசிக்க வேண்டிய அவசியம் நேராத ஒரு சங்கடம் நம் காலத்தில் நேர்ந்திருக்கிறது: காப்பாளனும் அரசனும் ஒருவரே ஆகிவிட்டால் என்ன செய்வது?

தபாற் பெட்டியில் நாம் போடுகிற உறையிட்ட கடிதம், யாக்ஞவல்க்யர் சொன்ன பேழைப் பொருளின் லக்ஷணங்கள் யாவும் அமைந்தது. உள்ளே இருப்பது இன்னதென்று நாம் சொல்லுவதில்லை, வாங்கிக்கொள்பவரும் கேட்பதில்லை, கொடுத்தபடியே போய்ச் சேரவேண்டும் என்பது மட்டுமே இரு சாராருக்கும் உள்ள உடன்பாடு. ஆனால் வாங்கிக்கொள்பவர் அண்டை வீட்டு வணிகர் அல்லர், சர்க்கார். 1898-ஆம் வருஷத்து இந்தியத் தபால் அலுவலகச் சட்டத்தை நீக்கிவிட்டு, அதன் ஸ்தானத்தில் 2023-ஆம் வருஷம் பார்லிமெண்டு புதியதொரு சட்டத்தை நிறைவேற்றி, அது 2024 ஜூன் 18 முதல் அமலுக்கு வந்தது. தந்தியையும் டெலிபோனையும் ஆண்டுவந்த 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாகத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதே பார்லிமெண்டுக் கூட்டத் தொடரில் நிறைவேறியது. இரண்டுக்கும் ஜனாதிபதியின் சம்மதம் 2023 டிசம்பர் 24 அன்று ஒரே நாளில் கிடைத்தது. பழைய சட்டங்கள் மாறவேண்டியவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்நியர் தம் சாம்ராஜ்யத்துக்காக எழுதிவைத்த வாசகங்களை ஒரு குடியரசு எழுபது வருஷத்துக்கு மேல் சுமந்துகொண்டிருந்ததே விந்தை. ஆயினும் மாற்றும்போது எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று பார்ப்பது வெறும் வக்கீல்களின் வேலை அன்று.

விட்டது ஏகபோக உரிமை. இந்தியாவில் தபாலைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். 1774-இல் நூறு மைலுக்கு இரண்டு அணா என்று கட்டணம் விதித்தார். 1837-இல் கம்பெனி ஆட்சி, தன் எல்லைக்குள் கூலிக்குக் கடிதம் சுமக்கும் உரிமை தனக்கே உரியதென்று சட்டம் செய்துகொண்டது. தூரம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும் அந்த முறையை ஒழித்து, கால் தோலா எடையுள்ள கடிதம் பக்கத்து ஊருக்குப் போனாலும் சரி, தேசத்தின் மறுகோடிக்குப் போனாலும் சரி, அரை அணா என்று ஆக்கியது டல்ஹௌஸி காலத்து 1854-ஆம் வருஷச் சட்டம். இதைக் கருணையின் விளைவு என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் 1840-இல் ரோலண்ட் ஹில் நடத்திக் காட்டிய ஒரு கணக்குதான் இதற்கு மூலம்: கடிதத்தைச் சுமந்து செல்லும் தூரத்தால் ஆகும் செலவு அற்பம், அதை வாங்கி, கணக்கு வைத்து, வீடு தேடிக் கொடுப்பதில்தான் செலவெல்லாம் என்று அவர் கண்டார். கணக்கிலே பிறந்தது தர்மமாகப் பலித்தது என்பதுதான் இதில் உள்ள ரஸம். மலை உச்சியில் இருப்பவனும் தீவில் இருப்பவனும் ராஜதானியில் இருப்பவனும் ஒரே விலைக்குப் பேசிக்கொள்ளலாம் என்ற சமத்துவத்தை எந்த மகானும் உபதேசிக்காமலே ஒரு கட்டண அட்டவணை ஸ்தாபித்துவிட்டது. பட்டணத்துக் கடிதங்களில் வரும் லாபம் மலைநாட்டுக் கடிதங்களின் நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும், அந்த லாபத்தைத் தனியார் கொத்திக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும். ஏகபோகத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் அதுவே. கூரியர்க்காரர்கள் வெகு நாளாகவே அந்த லாபத்தைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தபடியால், 2023-ஆம் வருஷச் சட்டம் தபால் தலை வெளியிடும் உரிமையை மாத்திரம் தனக்கென்று நிறுத்திக்கொண்டு மற்றதைக் கைவிட்டதில் நடப்பை ஒப்புக்கொண்டதற்கு மேல் விசேஷம் ஒன்றும் இல்லை.

தத்துவக் கேள்வி இங்கேதான் எழுகிறது. விசேஷ உரிமை போன பிறகு அதற்கு ஈடாக ஏற்ற கடமையும் போய்விடுமா? உரிமையும் கடமையும் ஒரு தராசின் இரு தட்டுக்கள், ஒன்று இறங்கினால் மற்றது ஏறும் என்று எண்ணுகிறவர்கள், ஆமாம் என்பார்கள். தமிழருக்கு இந்த விடை அவ்வளவு எளிதில் ஒப்பாது என்று நினைக்கிறேன். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் மூதாட்டியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். மாதரிக்கு அதனால் கிடைத்த ஊதியம் ஏதும் இல்லை; கோவலன் கொலையுண்டதிலும் கண்ணகி துயருற்றுப் போனதிலும் அவளுடைய குற்றம் அணுவளவும் இல்லை; செய்தது அரசன், ஆட்டுவித்தது ஊழ். யாக்ஞவல்க்யருடைய விலக்கு முழுவதும் அவளுக்குப் பொருந்தும். ஆயினும் அடைக்கலப் பொருளை இழந்துவிட்டேன் என்று அவள் நள்ளிரவில் தீப் புகுந்தாள் என்று இளங்கோவடிகள் சொல்லுகிறார். அவள் செய்தது மிகை என்று நமக்குத் தோன்றலாம். எந்தச் சர்க்காரையும் தீக்குளிக்கச் சொல்லுவது என் எண்ணமும் அன்று. ஆனால் கடமை ஊதியத்திலிருந்தோ உரிமையிலிருந்தோ பிறப்பதில்லை, வாங்கிக்கொண்டேன் என்று கை நீட்டியதிலிருந்தே பிறக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் எங்கும் நான் கண்டதில்லை.

இனி, வைத்துக்கொண்டவற்றைப் பார்க்கலாம். முதலாவது, பொறுப்பின்மை. கடிதம் தொலைந்தாலும், தாமதமானாலும், வேறு இடத்தில் கொடுக்கப்பட்டாலும், ஊழியர் வஞ்சனையாலோ வேண்டுமென்றோ செய்திருந்தாலன்றி எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று 1898-ஆம் வருஷச் சட்டத்தின் ஆறாம் பிரிவு சொல்லிற்று; விதிகளில் வகுக்கப்படும் பொறுப்பைத் தவிர தபால் நிலையத்துக்கு வேறு பொறுப்பு இல்லை என்று புதுச் சட்டத்தின் பத்தாம் பிரிவு சொல்லுகிறது. இதைக் கேட்டவுடன் கோபப்படுவது சுலபம், ஆனால் அவசரம். ஐம்பது பைசாக் கார்டில் எழுதியனுப்பிய செய்தி ஒரு நாள் பிந்திப் போனதால் பத்து லட்ச ரூபாய் வியாபாரம் கெட்டது என்று வழக்குத் தொடர இடம் கொடுத்தால், மறுநாளே அந்தக் கார்டின் விலை ஐம்பது ரூபாய் ஆகிவிடும். அரை அணாவின் சமத்துவமும் அத்தோடு மறையும். மலிவுக்கு நாம் கொடுக்கும் விலை இந்த விலக்கு. கௌடில்யரும் தீ, வெள்ளம், படையெடுப்பு ஆகியவற்றால் அழிந்த பொருளுக்குக் காப்பாளனைப் பிடிக்கவில்லை. மனிதச் சோர்வையும் அந்தப் பட்டியலில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொண்டு நான் இதை மன்னிக்கத் தயார்.

மன்னிக்க முடியாதது வேறு. பழைய சட்டம் தபால் இலாகாவைப் பொறுப்பிலிருந்து விடுவித்தாலும், அதன் ஊழியனை விடுவிக்கவில்லை. கடிதத்தைத் திருடினாலோ, ஒளித்தாலோ, அழித்தாலோ ஏழு வருஷம் வரையில் சிறை. கடமைக்கு மாறாக உறையைத் திறந்தாலே இரண்டு வருஷம் வரையில் சிறை. வெள்ளைக்காரன் தன் ஏகாதிபத்தியக் காலத்தில் எழுதிவைத்த இந்தத் தண்டனைப் பிரிவுகளை 2023-இல், வியாபாரத்தையும் வாழ்க்கையையும் எளிதாக்குவதற்கென்று பல சட்டங்களை ஒருங்கே திருத்திய ஜன விசுவாஸ் சட்டம் நீக்கிற்று. அடுத்து வந்த தபால் சட்டமும் அவற்றைத் திரும்பக் கொண்டுவரவில்லை. பொதுவான தண்டனைச் சட்டத்தில் நம்பிக்கை மோசடிக்கு இடம் இருக்கிறதே, தனிப் பிரிவு எதற்கு என்று கேட்கிறார்கள். அந்தச் சட்டம் பொருள் குறைந்ததா என்று பார்க்கும். உறையைப் பிரித்து, படித்து, மறுபடி ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் கையில் எந்தப் பொருளும் தங்கவில்லை. உரியவருக்கு ஒரு காகிதமும் குறையவில்லை. ஆனாலும் எழுதியவருடைய அந்தரங்கம் அவரை விட்டுப் போய்விட்டது. ஒப்படைத்தது எப்படியோ அப்படியே என்ற யாக்ஞவல்க்யருடைய விதி இந்த நுட்பத்தை அறிந்திருந்தது. முத்திரை உடையாமல் இருப்பதையே அவர் பொருளின் ஒரு பகுதியாகக் கருதினார்.

இரண்டாவதாக வைத்துக்கொண்டது, வைத்துக்கொண்டது மாத்திரம் அல்ல, விரித்தும் கொண்டது, சர்க்கார் தானே உறையைத் திறக்கும் அதிகாரம். பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு அல்லது அமைதி என்ற அளவில் பழைய சட்டத்தின் இருபத்தாறாம் பிரிவு நின்றது. ராஜ்யத்தின் பாதுகாப்பு, அந்நிய நாடுகளுடன் நட்பு, பொது ஒழுங்கு, நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்பவற்றோடு, இந்தச் சட்டமோ அமலில் உள்ள வேறு எந்தச் சட்டமோ மீறப்பட்டாலும் என்று புதுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு முடிகிறது. வேறு எந்தச் சட்டமோ என்ற சொற்களுக்குள் எவ்வளவு அடங்கும் என்று அதை எழுதியவர்களே எண்ணிப் பார்த்தார்களா என்பது சந்தேகம். இந்த அதிகாரத்தை விரிக்க 1986-இலும் ஒரு முயற்சி நடந்தது. இரு சபைகளும் நிறைவேற்றி அனுப்பிய மசோதாவுக்கு ஜனாதிபதி கியானி ஜெயில் சிங் சம்மதமும் அளிக்காமல், திருப்பியும் அனுப்பாமல், தம் பதவிக்காலம் முடியும் வரையில் மேசைமேல் வைத்துவிட்டார். அவருக்குப் பின் வந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன், அவர் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார், இறுதியில் மசோதா கைவிடப்பட்டது. ஒருவர் மௌனத்தாலும் மற்றவர் முறையாலும் தடுத்த அந்த விஷயத்தில், முப்பத்தேழு வருஷம் கழித்து எவருக்கும் பெரிய தயக்கம் தோன்றியதாகத் தெரியவில்லை.

ஓர் அரசு பிறர் மறைத்துவைத்ததை அறிய முயலவே கூடாது என்று சொல்லுவது துறவிக்குத் தகும், நாடாளுகிறவனுக்குத் தகாது. வள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் கொடுத்திருக்கிறார். அந்த அதிகாரத்துக்கு முன்னால் அவர் வைத்தது கண்ணோட்டம்; அதற்கும் முன்னால் வெருவந்த செய்யாமை. குடிகளை அஞ்சச் செய்யும் கொடுமையை விலக்கி, தாட்சிண்யத்தைக் கற்பித்த பிறகுதான் ஒற்றனை அனுப்பும் வித்தையை அரசனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அதிகார வைப்பு முறை பரிமேலழகரோடு வாதிட வேண்டிய விஷயம் என்றாலும், இந்த அடைவைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மேலும் ஒற்றன் வேறு, தூதன் வேறு. தூதுக்கு வள்ளுவர் பத்து அதிகாரம் தள்ளித் தனியிடம் வைத்தார். நம்மிடம் கடிதத்தை வாங்கிக்கொள்ளும் அதே கை ஒற்றன் கையாகவும் இருப்பதுதான் இங்கே உள்ள கோளாறு.

தபாலின் உடன்பிறப்பாகிய தொலைபேசியின் கதையை இதற்கு அருகில் வைத்துப் பார்த்தால் விஷயம் சற்றுத் தெளியும். 1914-இல் தபாலையும் தந்தியையும் ஒன்றாக்கினார்கள்; 1985-இல் தபால் இலாகா வேறு, தொலைத்தொடர்பு இலாகா வேறு என்று பிரித்தார்கள். மறு வருஷம் டில்லி, பம்பாய் நகரங்களின் தொலைபேசியும் வெளிநாட்டுத் தொடர்பும் இரு கம்பெனிகளிடம் போயின. 1997-இல் ஒழுங்குமுறை ஆணையம் தோன்றியது. 2000 அக்டோபரில் எஞ்சியிருந்த நடத்தும் வேலை பி.எஸ்.என்.எல். என்ற கம்பெனிக்கு மாறியது. இவற்றையெல்லாம் லாப நஷ்டத்தின் பெயரால் செய்தார்களேயொழிய தர்ம விசாரணை செய்து செய்யவில்லை. ஆயினும் விளைந்தது என்னவென்றால், சொல்லைச் சுமப்பவன் ஒருவன், கேட்க அதிகாரம் உள்ளவன் மற்றொருவன் என்ற பிரிவு. உத்தரவை எழுத்திலே காட்டு என்று கேட்க ஒரு வாயாவது ஏற்பட்டது. தொலைபேசியில் பேசுவதும் அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்து, யார் உத்தரவிடலாம், எத்தனை நாள் அது செல்லும், எந்தக் குழு அதைப் பரிசீலிக்கும் என்று வரம்பு கட்டியதும் அந்தக் கிளையில்தான். யாக்ஞவல்க்யருடைய உலகம் அங்கே ஒருவாறு மீண்டுவிட்டது என்று சொல்லலாம்: அரசன் பறித்தால் காப்பாளன் குற்றமற்றவன், ஆனால் பறித்தது அரசன் என்று சொல்ல அவன் இருக்கிறான்.

ஆனால் பிரித்ததில் மற்றொன்று கெட்டது. எல்லோரையும் சென்றடைய வேண்டும் என்ற கடமை தொலைத்தொடர்பில் ஒரு நிதியாக உருமாறிற்று. கம்பெனிகள் வருமானத்தில் ஒரு பங்கைச் செலுத்திவிட வேண்டியது, அந்த நிதியைக் கொண்டு சர்க்கார் குக்கிராமங்களுக்கு வசதி செய்ய வேண்டியது என்பது ஏற்பாடு. 2003-இல் அதற்குச் சட்ட அந்தஸ்தும் கிடைத்தது. விரதம் இருக்க முடியாதவன் தானம் கொடுத்து நிறைவு செய்துகொள்ள நம் சாஸ்திரங்களும் இடம் கொடுத்திருப்பதால் இதை அடியோடு பழிக்க மாட்டேன். என்றாலும் ஒரு கிராமத்தானுக்கு நேரே பட்ட கடனைக் கஜானாவுக்குப் பட்ட கடனாக மாற்றிவிட்டால், அவன் வாசலில் நின்று யாரைக் கேட்பான்?

தபாலில் அப்படிக் கேட்க இன்னும் ஒருவர் இருக்கிறார். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தபால் நிலையங்களில் பத்தில் ஒன்பது கிராமங்களில் உள்ளவை. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துகிறவர்கள், முன்பு இலாகா சாராத ஊழியர் என்றும் இப்போது கிராமிய தபால் ஊழியர் என்றும் அழைக்கப்படுகிறவர்கள். நாளில் சில மணி நேர வேலை. வயிற்றுக்கு வேறொரு வழியும் தேடிக்கொள்ள வேண்டும். அவர்கள் வகிப்பது சிவில் பதவியே என்று 1977-இல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. நிரந்தர ஊழியரின் முழு உரிமைகள் அப்போதும் வந்துவிடவில்லை. ஆனால் தேசத்தின் அடைக்கலம் உண்மையில் தங்கியிருந்தது இவர்களுடைய கையில். எழுத்தறியாத தாய்க்கு மகனுடைய கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டி, அவள் சொல்லச் சொல்லப் பதிலையும் எழுதி, இரு பக்கத்து ரகசியமும் தெரிந்தவராக மறு வீட்டுத் திண்ணைக்குப் போய், அங்கே வாய் திறவாமல் இருந்த தபால்காரர்களை நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன் வரை எல்லோரும் அறிவார்கள். அவரிடத்தில் உறை திறந்தே இருந்தது. முத்திரை மட்டும் உடையவில்லை. எந்தப் பிரிவின் தண்டனைக்கும் அஞ்சி அவர் அப்படி இருந்தார் என்று நான் நம்பவில்லை. அதனாலேயே தண்டனைப் பிரிவு வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. நல்லவனுக்கு வேண்டாத சட்டம், நல்லவன் அல்லாதவன் அதே நாற்காலியில் வந்து உட்காரும் நாளுக்காக எழுதப்படுவது.

தபாலையும் கம்பெனியாக்கிவிடு, காப்பாளன் தனி, அரசன் தனி என்று ஆகிவிடும் என்ற யோசனை தர்க்கத்துக்குப் பொருத்தமாகத் தோன்றினாலும், நான் அதற்கு இணங்க மாட்டேன். வாசலில் நின்று கேட்கக்கூடிய அந்த ஒருவரை இழப்பதற்கு அது சமானம். இலாகாவுக்குள்ளேயே காப்பாளனையும் அரசனையும் பிரிக்க முடியும். அதற்குப் புதிய ஸ்தாபனம் தேவையில்லை. உறையைத் திறக்கச் சொல்லுகிறவர் யாராயினும் அந்த ஊர் போஸ்ட்மாஸ்டரிடம் எழுத்து மூலமான உத்தரவைக் காட்டியாக வேண்டும், அதைப் பதிவு செய்யாமல் அவர் கடிதத்தை ஒப்படைத்தால் அது அவர் குற்றம், குறிப்பிட்ட காலம் கழிந்த பின் கடிதத்துக்கு உரியவருக்கும் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டத்தில் மூன்று வாக்கியங்கள் சேர்த்தால், அந்தச் சிறு அறையில் உள்ள மேசைக்கு இந்தப் பக்கம் காப்பாளனும் அந்தப் பக்கம் அரசனும் வந்து நின்றுவிடுவார்கள். பொறுப்பைப் பற்றிச் சட்டத் திருத்தமும் வேண்டாம். பத்தாம் பிரிவு தன் விலக்குக்கு உள்ளேயே, விதிகளில் வகுக்கப்படும் பொறுப்பைத் தவிர என்று ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. தொலைந்த கடிதத்துக்கு அங்கே ஈடு வகுக்காவிட்டாலும் போகட்டும். முத்திரை உடைந்து வந்த கடிதத்துக்கு, ஏன் உடைந்தது என்று விளக்கம் எழுதிக் கொடுக்கும் பொறுப்பை மட்டுமாவது அந்த விதிகளில் எழுதலாம். அதற்குப் பார்லிமெண்டின் வாக்கெடுப்புத் தேவையில்லை. விதி செய்யும் அதிகாரம் பெற்ற இலாகாவின் ஒரு கையெழுத்துப் போதும்.